நாலு நாளில் முடிந்த ஒரு மாத மருந்து

களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியோரத்து பாமசி ஒன்றில் 19 வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்பதுதான் சரியான சொல். இருப்பதற்கு ஒரு ஸ்டூல் உண்டு, ஆனால் அதில் பெரும்பாலும் கடைப் பூனைதான் இருக்கும். மருந்தெடுக்க வருகிறவர்களில் ஒரு பகுதியினர் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை ஆட்கள், மற்றவர்கள் மேற்கே படுவான்கரையிலிருந்து குருமண்வெளித் துறைக்குப் பாதையேறி வருகிறவர்கள். (பாதை என்றால் இங்கே வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. "பாதை போயிரும், கெதியாத் தா மகள்" என்று ஒரு அம்மா அவசரப்பட்டபோது, கொழும்பிலிருந்து வந்திருந்த மருந்துக் கம்பனி ரெப் தம்பி, பாதை எப்படிப் போகும் என்று வெளியே எட்டிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.)

2018 ஆவணியில், மண்டூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்களில், எனக்கு ஒரு பிழை நடந்தது. அதை எழுத இத்தனை வருடம் எடுத்திருக்கிறேன்.

மண்டூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் தேங்காய் துருவக்கூட ஏலாமல் போகிற மூட்டுவாதம். அன்றைக்கு அவர் கொண்டுவந்த வைத்தியர் துண்டில் புதிதாக ஒரு மருந்து இருந்தது: மெதோட்ரெக்சேட், 2.5 மில்லிகிராம் குளிசை, கிழமைக்கு ஒரு நாள் மூன்று, நாலு கிழமைக்கு. மொத்தம் 12 குளிசை. கூடவே, அதன் பக்கவிளைவைக் குறைக்கிற போலிக் அசிட்.

இந்த மெதோட்ரெக்சேட் பொல்லாத மருந்து. புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள், அங்கே அளவு பெரிது. மூட்டுவாதத்துக்குச் சின்ன அளவில் கிழமைக்கு ஒரே ஒரு நாள். அப்படிக் குடித்தால் எத்தனையோ பேரின் விரல்களை மடக்க வைக்கிற மருந்து. நாளாந்தம் குடித்தால் வாயின் உட்தோலைப் புண்ணாக்கும், குடலைப் பிடிக்கும், எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவதையே குறைத்துவிடும். ஆளையே கொண்டுபோகலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"பெரியம்மா, இது கிழமைக்கு ஒருக்கா. ஒரே நாளில மூணையும் குடிக்கணும். ஒவ்வொரு நாளும் குடிக்கப்படாது. விளங்கிச்சா?"

"ஓம் மகள், ஓமோம்."

அந்த ஓமைச் சொல்லும்போது அவர் மிச்சக் காசைச் சீலை முந்தியில் முடிந்துகொண்டிருந்தார். தலை என் பக்கம், உடம்பு ஏற்கெனவே வீதிப் பக்கம் கிறுகியிருந்தது. நான் உறையில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவரிடம் கண்ணாடி இல்லை என்பதைக் கண்டேன். கண்டும் ஒன்றும் செய்யவில்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "அடுத்த ஆள்" என்றேன்.

ஆறாம் நாள் பெரியம்மா திரும்பி வந்தார். "குளிசை முடிஞ்சி போச்சி மகள், இன்னும் கொஞ்சம் தா."

அந்த வசனம் என் காதில் ஏறுவதற்கு முதல் கண்ணில் வேறொன்று பட்டது. வாயில் வெற்றிலை இல்லை. இத்தனை வருடத்தில் வெற்றிலை இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. கன்னத்தில் ஒரு பக்கம் சின்னக் குமிழ் இருக்கும், கதைக்கும்போது அது இடம் மாறும், அதுதான் அவருடைய முகம். அன்றைக்குக் கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், உதட்டைப் பட்டும் படாமலும் அசைத்துக் கதைத்தார்.

"வெத்திலை எங்க பெரியம்மா?"

"வாய் எரியிது புள்ள. சுண்ணாம்பு வைக்க ஏலாது. நேத்து சோறும் ஏலாமப் போச்சி."

12 குளிசை. நாளைக்கு மூன்று. நாலு நாள். அந்தக் கணக்கு மண்டையில் ஓடி முடிந்தபோது என் கையிலிருந்த பேனை கீழே கிடந்தது. கடையை அப்படியே பெடியனிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். வாட்டில் வைத்து, இரத்தம் சோதித்து, மாற்று மருந்து ஏற்றி, பத்து நாள் கழித்துத் தப்பி வந்தார். பார்க்கப் போனபோது கட்டிலில் இருந்துகொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "நான்தான் ஒழுங்காக் கேக்கல்ல மகள். ஒருக்கா எண்டாய், மூணு எண்டாய், அதுதான் காதில கிடந்திச்சி."

அவர் திட்டியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

அதன் பிறகுதான் ஓம் என்ற சொல்லைக் கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் ஊரில் அது என்ன சாமான்ய சொல்லா? நான் சொல்லி முடிக்க முதலே விழுகிற "ஓமோம்" என்றால், நீ சொல்வது எனக்குப் பழசு, விடு என்று அர்த்தம். பெரும்பாலும் பழசாக இருக்காது, அது வேறு கதை. "ஓம் மகள் ஓம்" என்று இரண்டு பக்கமும் ஓம் வைத்துக் கட்டினால் அது கதையை மூடுகிற பூட்டு. கண்ணை உறையில் வைத்துக்கொண்டு, விரலை ஒவ்வொன்றாக மடித்து, இழுத்து வருகிற "ஓ...ம்" மட்டும்தான் ஓரளவுக்கு நம்பத்தக்கது. அதையும்விட நம்பத்தக்கது, ஓம் சொல்லாமல் முகத்தைச் சுளித்து "அப்ப விரத நாளில என்ன செய்யிற?" என்று திருப்பிக் கேட்கிற ஆள். அவருக்கு விளங்கிவிட்டது. சண்டைக்கு வருகிறவருக்கும் விளங்கிவிட்டது. வாயே திறக்காமல் நாக்கைத் தட்டி "ச்" என்கிற படுவான்கரைக் கிழவர்களில் எனக்குத் தனிப் பிரியம். அந்த இல்லையில் ஒரு கலப்படமும் இல்லை.

பிந்தி வருகிற ஓம் ஒன்றும் இருக்கிறது. "சீனி வருத்தத்துக் குளிசை ஒழுங்காக் குடிக்கிறீங்களா?" என்று கேட்டால், ஒரு கண்சிமிட்டும் நேரம் தாமதித்து வரும். 2009இல் 10 மொழிகளை வைத்து ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அளந்தார்கள். சராசரி ஏறக்குறைய 200 மில்லி செக்கன். ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்டதற்கு இசைந்த பதில் விரைவாக வருகிறது, இசையாத பதில் பிந்துகிறது என்பதும் அதில் கண்டது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஆனால் பிந்தி வருகிற ஓமுக்குள் ஒரு இல்லை ஒளிந்திருக்கிறது என்பதை எங்கள் கடை மேசைக்கு வந்து பார்த்திருந்தால் அவர்களுக்குச் செலவு மிச்சம்.

இடையில், கேட்டலைப் பற்றிய ஒரு பயிற்சிக்குப் போனேன். யார் நடத்தியது என்று சொல்லப் போவதில்லை, மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. வளவாளர் திரையில் மூன்று இலக்கங்களைப் போட்டார்: 7, 38, 55. மனிதர் கதைப்பதில் சொல்லுக்கு 7 வீதம்தான், குரலுக்கு 38, முகத்துக்கும் உடம்புக்கும் 55. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், நானும் எழுதினேன். பஸ்ஸில் வரும்போதுதான் உதைத்தது. சொல்லுக்கு 7 வீதம் என்றால், மெதோட்ரெக்சேட்டை எப்படிக் குடிப்பது என்று அந்த ஐயா புருவத்தாலும் தோளாலும் பெரியம்மாவுக்குச் சொல்லிக் காட்டட்டும் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து தேடினேன். அந்த இலக்கங்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒன்றில் தனிச் சொற்களை வெவ்வேறு குரலில் பதிந்து கேட்க வைத்தார். மற்றதில் ஒரேயொரு சொல், "இருக்கலாம்" என்கிற மாதிரியான சொல், அதோடு முகப் படங்கள். கேட்ட கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: இப்படிச் சொல்கிற ஆள் எதிரே இருப்பவரை விரும்புகிறாரா, இல்லையா? சொல் ஒரு பக்கமும் முகம் வேறு பக்கமும் இழுக்கும்போது, விருப்பு வெறுப்பைப் பற்றி மட்டும், மனிதர் முகத்தைத்தான் நம்புகிறார்கள் என்பது அதன் சாரம். உலகத்தில் நடக்கிற எல்லாக் கதைக்கும் இந்தக் கணக்கைப் பொருத்தாதீர்கள் என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் யார் காதிலும் ஏறவில்லை. கேட்டலைப் பற்றிய பயிற்சியில் இது நடக்கிறது என்பதுதான் வேடிக்கை.

ஆனால் அந்த ஆய்வில் எனக்கு ஒரு வேலை இருந்தது. பெரியம்மாவை நான் பார்த்ததைப் பற்றியே இவ்வளவு நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கண், அவர் கை, அவர் கிறுகி நின்ற விதம். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தாரே, அதை யோசிக்கவே இல்லை. நான் எப்படி நின்றேன்? ஒரு கை கணினியில். பேனை மூடியைத் தட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு, தட்டியிருப்பேன். கண் அவருடைய தோளுக்கு மேலால் வரிசையைப் பார்த்திருக்கும். "விளங்கிச்சா?" என்று வாய் கேட்டது, போங்க பெரியம்மா என்று மற்றதெல்லாம் சொன்னது. அவர் எதை நம்புவார்? வயதான மனுசி, மருந்துக்கடை மகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறவர். ஓமைத் தந்துவிட்டு நகர்ந்தார். அந்த ஓமை அவரிடம் கேட்டு வாங்கியது என் முகம்தான்.

வைத்தியர்களைக் குறை சொல்வது எங்கள் ஊரில் பொழுதுபோக்கு. "துண்டை எழுதிப்போட்டுத்தான் முகத்தைப் பாக்கிறாரு" என்பார்கள். அமெரிக்காவில் 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கி சராசரியாக 18 செக்கனில் வைத்தியர் குறுக்கே வந்துவிட்டார். முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 23 வீதம். சரி, விட்டால் மணிக்கணக்கில் கதைப்பார்களே என்று கேட்கத் தோன்றும். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து ஆசுபத்திரி ஒன்றில் அதையும் பார்த்துவிட்டார்கள், 2002இல் வெளிவந்தது. 335 நோயாளிகள், வைத்தியர்கள் குறுக்கே கதைக்காமல் இருந்தார்கள். சராசரி 92 செக்கனில் அவர்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். ஒன்றரை நிமிசம்! எங்கள் ஆட்கள் பாசல் ஆட்களைவிடக் கொஞ்சம் நீட்டுவார்கள், மருமகளின் கதையும் வரும். ஆனாலும் நான் பேனையைக் கீழே வைத்துவிட்டு நின்றால் மூன்று நிமிசத்தைத் தாண்டுகிறவர் குறைவு.

இப்போது "விளங்கிச்சா?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஓமைத் தவிர வேறு பதில் கிடையாது. "வீட்ட போய் எப்பிடிக் குடிப்பீங்க, எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க" என்கிறேன். முதலில் இது பலருக்குப் பிடிக்கவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "என்ன, எனக்குச் சோதினையா?" என்றார். அன்றிலிருந்து பேச்சை மாற்றிவிட்டேன். "நான் சரியாச் சொன்னனா எண்டு பாக்கத்தான் சேர், எனக்குத்தான் சோதினை." அதற்கு அவர் மிகுந்த மகிழ்ச்சியோடு எனக்குப் புள்ளி போட ஆயத்தமானார். கிழமை என்ற சொல்லையும் கடையிலிருந்து எடுத்துவிட்டேன். கிழமைக்கு ஒருக்கா என்று யாருக்கும் சொல்வதில்லை. "எந்த நாள் உங்களுக்கு வசதி?" என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே நாளைச் சொல்ல வைத்து, அதையே உறையில் பெரிதாக எழுதுகிறேன். நோன்பு மாதத்தில் மருதமுனைப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் "மூணு நேரம்" என்று சொன்னாலும் மரியாதைக்கு ஓம் என்றுதான் சொல்வார்கள். நோன்பா என்று நான்தான் முந்திக் கேட்க வேண்டும். சீனி வருத்தக்காரருக்கு அந்த ஒரு மாதம் குளிசை நேரமெல்லாம் மாறும், வைத்தியரிடம் திருப்பி அனுப்ப வேண்டியும் வரும்.

கேட்காமலே கேட்கிறவர்கள் வேறு. மத்தியானம் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பிள்ளை வரும். முதலில் இரண்டு பனடோல் கேட்கும். காசு கொடுக்கும், மிச்சம் வாங்கும், போகாது. சோப்பு அடுக்கியிருக்கிற இடத்தைப் படிக்கிற மாதிரி நிற்கும். அப்போது நான் பெடியனைப் பின்னறைக்கு ஏதாவது எடுக்க அனுப்புவேன். பிறகு மேசையைத் துடைத்துக்கொண்டு, அதன் முகத்தைப் பார்க்காமல், "வேற ஏதும் வேணுமா தங்கச்சி?" என்பேன். நேரே பார்த்தால் போய்விடும். கண்ணுக்குக் கண் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். சில நேரம் பார்க்காமல் நிற்பதுதான் மரியாதை, அது அந்த வளவாளருக்குத் தெரிந்திருக்காது.

காசில்லாதவர்கள் காசில்லை என்று சொல்வதில்லை. 2022இல் விலையெல்லாம் ஏறி, பாதி மருந்து சந்தையிலேயே இல்லாமல் போன காலத்தில் இதை நாளுக்குப் பத்துத் தரம் கண்டேன். நான் விலையைச் சொல்வேன். பேர்சுக்குள் விரல் எண்ணும், உதடு அசையும். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, "வீட்டில கொஞ்சம் கிடக்கு மகள், பாதி தாங்க." வீட்டில் ஒன்றும் கிடக்காது. அது பிரஷர் குளிசை என்றால், "இது கெட்டுப்போற சாமான், கூட வாங்கி வைக்காதீங்க, ஐஞ்சு நாளைக்கு எடுங்க, மறுகா வாங்க" என்று நான் ஒரு பொய் சொல்வேன். அவர்கள் பொய்யும் என் பொய்யும் மேசைக்கு நடுவில் கைகொடுத்துக்கொள்ளும். நுண்ணுயிர்க்கொல்லி என்றால் அப்படி விட ஏலாது. அது முழுதாகக் குடிக்க வேண்டியது. முதலாளிக்குத் தெரியாத ஒரு கடன் கொப்பி அதற்குத்தான் இருக்கிறது. (முதலாளி இதை வாசித்தால்: கொப்பி இப்போது இல்லை ஐயா.)

கொரோனா காலத்தைப் பற்றித் தனியாக எழுதலாம், கொஞ்சம் சொல்கிறேன். முகக்கவசம், முன்னால் பிளாஸ்டிக் தாள், ஆறடித் தூரம். பாதி முகம் போனதும் நாங்கள் எல்லோரும் செவிடாகிவிட்டோம். காது கொஞ்சம் மந்தமானவர்கள் அதுவரை என் உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அவர்களுக்கும் தெரிந்திருக்காது. முகத்திரை போட்டு வருகிற முஸ்லிம் பெண்களோடு பல வருடம் கதைத்துப் பழகியதுதான் எனக்குக் கைகொடுத்தது. கண்ணோரச் சுருக்கம், தலை சாய்கிற பக்கம், குரல் தாழ்கிற இடம் எல்லாம் அவர்களிடம் படித்தது. பெரியம்மா என்னை முகக்கவசத்தோடு முதல் தடவை கண்டபோது வயிறு குலுங்கச் சிரித்தார். மண்டூர் முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார், மந்திரம் ஒன்றும் காதில் விழாது. "என்ன மகள், வாய்கட்டிப் பூசையா? கடைக்குள்ள முருகன் எங்க?"

அவர் தேர்ந்த நாள் வெள்ளி. கோயிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று. மற்ற நாளில் ஒன்று போலிக் அசிட். மாதா மாதம் வந்து நான் கேட்க முதலே ஒப்புவிப்பார். வெற்றிலைக் குமிழ் கன்னத்தில் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

போன மாதமும் வந்தார். கடையில் அவ்வளவு சனமில்லை. வாங்கில் காலை மடித்து இருந்துகொண்டு கதையைத் தொடங்கினார். கட்டாரில் இருக்கிற மகன், அவன் அனுப்பிய காசு, அந்தக் காசில் வாங்கிய பசு, பசு ஈன்ற கன்று, கன்று பக்கத்து வளவுக்குள் போய்க் கத்தரிக் கன்றைத் தின்றது, அதனால் வந்த சண்டை. நான் "ம்", "ஓம் பெரியம்மா", "ஓமோம்" என்று சொல்லிக்கொண்டு தட்டில் அவருடைய குளிசையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். பெரியம்மா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி மகள், நான் இப்ப என்ன சொன்னன்? எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டு பாப்பம்."

பசு வரைக்கும் வந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தட்டில் எண்ணியது ஒன்பதா பத்தா என்பதும் போய்விட்டது. குளிசை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிவிட்டு, பூனையை ஸ்டூலிலிருந்து இறக்கி, அவருக்கு முன்னால் போட்டு இருந்தேன்.

"கன்றுக்குட்டி எங்க போச்சி பெரியம்மா?"